சடையன் ஜெயித்த தேர்தல்

இந்த நாட்டில் புதிதாக அறிமுகமாகிறவர்கள் என் ஊர் எதுவென்று கேட்பதில்லை. நான் மலாயாவில், மலாக்காப் பக்கத்துச் செலண்டாருக்கு வந்த முதல் மாதம், கடைத்தெருவில் வாழைப்பழம் விற்கும் மலாய்க்கார ஹாஜி, பழத்தை இலையில் சுற்றிக்கொண்டே, “சியாப்பா பெங்ஹுலு அவாக்?” என்று கேட்டார். எனக்கு அப்போது மலாய் தெரியாது. கேட்ட தோரணையைப் பார்த்து, என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்கிறார் என்று எண்ணி, “ஞானமுத்து” என்றேன். ஹாஜி மிக மரியாதையாகத் தலையை அசைத்தார். அடுத்த வாரம் என் கணவர் அந்தப் பக்கம் போனபோது அவரை உட்கார வைத்து, நல்ல சீப்பாக ஒன்று எடுத்துக் கொடுத்து, எங்கள் தோட்டத்து ஆடுகள் தம் நெல்வயலில் மேய்வதைப் பற்றி நெடுநேரம் முறையிட்டாராம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெஸரான அவர் ஒன்றும் புரியாமல் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். பெங்ஹுலு என்றால் ஊர்த்தலைவர் என்று பிறகுதான் தெரிந்தது. உங்களுக்காகப் பேசுகிறவர் யார் என்றுதான் ஹாஜி கேட்டிருக்கிறார்.

அன்று அதை நினைத்து நாங்கள் இருவரும் வெகுநேரம் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி சிரிப்போடு போகவில்லை. மலாய்க்காரர்களின் ஒவ்வொரு காம்போங்குக்கும், அதாவது கிராமத்துக்கும், ஒரு பெங்ஹுலு உண்டு. சீனர்களுக்குக் கடைத்தெருவில் டவ்கேமார்கள் என்கிற முதலாளிகள், அவர்களுக்கு மேலே அவரவர் சங்கங்கள். எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு யார்? துரை வெள்ளைக்காரர், அவர் தோட்டத்துக்காகப் பேசுவார். கணக்கெழுதும் கிராணி துரைக்காகப் பேசுவார். கங்காணி தமக்காகப் பேசுவார். மலாக்கா நகரத்தில் இந்தியர் சார்பில் அரசாங்கம் நியமிக்கும் கனவான் ஒருவர் இருந்தார். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் பெயரும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கும் தெரியாது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். அங்கே சட்டசபைக்கு ஓட்டுப் போடுகிறார்களே என்பீர்கள். பாளையங்கோட்டைப் பக்கத்தில் நான் பெண்பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் தெருவுக்கும் அந்தச் சத்தம் வந்ததுண்டு. வரி கட்டுகிறவர்களுக்கே ஓட்டு. மிஷன் பள்ளிக்கூடத்துக் காவல்காரரான என் அப்பாவுக்கு இல்லை. “அது பெரிய வீட்டு விசேஷம் அம்மா, நமக்கு வெத்தலை வைக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார். அவர் குரலில் வருத்தமே இல்லாததுதான் இப்போது நினைத்தால் உறுத்துகிறது. கப்பலேறி இவ்வளவு தூரம் வந்த பிறகு, ஓட்டு என்ற சொல்லை நான் மறுபடி கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து வாசலில்.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். கித்தாக்காட்டில் பாதி மரங்களைப் பால் வெட்டாமல் விட்டிருந்தார்கள். சம்பளத்தைக் குறைத்தார்கள், பிறகு மறுபடியும் குறைத்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது யார் பேர் விடுபடுமோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். விடுபட்டவர்களுக்கு ஊருக்குத் திரும்ப இலவசக் கப்பல். அதைத் தர்மம் என்று நகரத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மலாக்காவிலிருந்து இரண்டு கனவான்கள் மோட்டார் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் வக்கீல். இன்னொருவர் பெரிய ஜவுளிக்கடை முதலாளி. நகரத்து இந்தியர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். தோட்டத்தில் கூட்டம் கூட வேறு இடமில்லாததால் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் பேசினார்கள்.

வக்கீல் நன்றாகத்தான் பேசினார். இந்திய அரசாங்கத்து அதிகாரி ஒருவர் நம் நிலைமையை அறிய வருகிறார். அவர் முன்னே இந்தியர் எல்லோருக்குமாக ஒருவர் பேசவேண்டும். அந்த ஒருவரை இந்தமுறை நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். தோட்டத்து ஜனங்களும் சிறு சந்தா கட்டிச் சேர்ந்தால் அவர்களுக்கும் ஓட்டு உண்டு. வக்கீல் கட்சிக்கும் முதலாளி கட்சிக்கும் சங்கத்தில் போட்டி என்பதும், தோட்டத்து ஓட்டு தம் பக்கமே விழும் என்று இருவருமே கணக்குப் போட்டிருந்தார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. லயத்திலிருந்தே ஒருவர் நிற்கக்கூடும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கூட்டத்தின் கடைசியில் சடையன் எழுந்தார். “நாங்க எங்க ஆள நிறுத்தலாமுங்களா?” என்று கேட்டார். வக்கீல் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்து, “தாராளமாக” என்றார்.

சடையனைப் பற்றிச் சொல்லவேண்டும். மன்னார்குடிப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்து, பால்மரம் வெட்டியே நரை கண்டவர். சாந்தமான மனிதர் என்று சொல்லமாட்டேன். கள்ளுக்கடையில் சண்டை போட்டு என் கணவரிடம் நெற்றிக்குத் தையல் போட்டுக்கொண்டவர். மனைவி காத்தாயி அவரை எல்லோர் எதிரிலும் ஏசுவாள். அவரும் பதிலுக்கு ஏசுவார். ஆனால் வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஒருமுறை ஒரு தொழிலாளியைப் பிரம்பால் அடித்தபோது, அடிபட்டவனைக் கையோடு இழுத்துக்கொண்டு லேபர் ஆபீசுக்கு நடந்தே போனவர் அவர்தான். உள்ளே விடாமல் விரட்டியும் வாசலிலேயே உட்கார்ந்திருந்து, கடைசியில் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கண்டக்டரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அது நடக்கக்கூடிய காரியம் என்று லயத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

தேர்தலில் நிற்க லயத்து ஜனங்கள் மாரியம்மன் கோயில் எதிரில் கூடி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்கள் கை தூக்கினார்கள். பெண்களும் தூக்கினார்கள். அது கூடாதென்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பாப்பாத்தி மற்றக் கையைத் தூக்கினாள். புருஷனை மலேரியாவுக்குப் பறிகொடுத்தவள். பெரட்டுக் களத்தில் அவள் பேர் ஏற்கெனவே விடுபட்டிருந்தது. இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அப்பா தம் ஊர் பேரைச் சொல்லாமலே செத்துப்போனார். எந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று அவளைக் கேட்டால், “நாகப்பட்டணம்னு சொல்றாங்க டீச்சரம்மா, அது ஊரா, கடலா?” என்பாள்.

ஓட்டுப் போடுகிற நாளும் ஞாயிறுதான். தோட்டத்து லோரியைத் தரமுடியாது என்று கிராணி சொல்லிவிட்டார். அன்னாசிப்பழம் ஏற்றுகிற சீனர் ஒருவரின் லோரியைப் பிடித்தோம். வெளுத்த வேட்டியும் திருநீறுமாக ஆண்கள் ஏறுவதைப் பார்த்து டவ்கே குஷியாகி, “சியாப்பா காவின்?” என்று கேட்டார். யாருக்குக் கல்யாணம் என்பது அர்த்தம். கல்யாணமில்லை என்று சொல்ல, சடையன் தமக்குத் தெரிந்த மலாயில், “காவின் இல்ல டவ்கே, பிலே ஓராங்” என்றார். ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்கிறார். டவ்கே தொடையைத் தட்டிக்கொண்டு, அப்படியானால் மாப்பிள்ளை பார்க்கத்தான் போகிறீர்கள் என்று முடிவுகட்டி, கூலியைக் குறைத்துக்கொண்டார். வழியெல்லாம் ஆண்கள் சடையனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். “வாயா மாப்ள, தாலி எங்க?” என்று காத்தாயியும் கேலி செய்தாள். செம்மண் சடக்கில் அந்த லோரி குலுங்கிப் போன காலைவேளையைப்போல் சந்தோஷமாக அந்த ஜனங்களை நான் அதற்குப் பின் பார்க்கவில்லை.

சங்கத்தின் மண்டபத்தில் நாற்காலிகள் நகரத்து அங்கத்தினர்களுக்குப் போட்டிருந்தன. தோட்டத்து ஆட்களுக்கு வெளித்தாழ்வாரத்தில் பாய். இடம் போதாது என்று காரணம் சொன்னார்கள். உள்ளே நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பெண்களுக்கு ஓட்டில்லை என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். காத்தாயியை மட்டுமா? ட்ரெயினிங் முடித்து உபாத்தியாயினி வேலை பார்க்கிற என்னையும்தான். நாங்கள் இருவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தபடி இருந்தார்கள். சிலர் முன்தினமே கிளம்பி நடந்து வந்தவர்கள். நகரத்துப் பெரிய மனிதர்கள் பலர் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வெயில், யார் ஜெயித்தாலும் தங்களுக்குத் தெரிந்தவர்தானே என்ற நிச்சயம்.

சடையன் ஜெயித்துவிட்டார்.

உள்ளே கைதட்டல் இல்லை. தாழ்வாரத்தில்தான் ஆரவாரம். காத்தாயி எழுந்து முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு, யாரையோ ஏசப்போகிறவள்போல நின்றாள், பிறகு அழுதாள். சற்று நேரத்தில் சங்கத்துக் காரியதரிசி வெளியே வந்து சடையனை அழைத்துப்போனார். தேர்தல் செல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வருகிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. சடையனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே சடையன் பிரதிநிதியாக இருக்கட்டும், அவருக்காக வக்கீல் பேசட்டும் என்று உள்ளே முடிவாகியிருந்தது. “நான் சொல்றத டீச்சரம்மா இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லட்டுமுங்க, அவங்க எங்க லயத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்க” என்று சடையன் கேட்டிருக்கிறார். பெண்கள் அங்கே வருவது வழக்கமில்லை என்று பதில் வந்தது.

ஆனாலும் அதிகாரி வந்த நாளில் நானும் என் கணவரும் போனோம். அரசாங்க விடுதித் தாழ்வாரத்தில் உட்கார அனுமதித்தார்கள். கதவு திறந்திருந்தது. வக்கீல் தெளிவான இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். அரசாங்க உத்தியோகங்களில் இந்தியருக்கு உரிய இடம், சபைகளில் இன்னொரு நியமனம், குமாஸ்தாக்களின் சம்பளம் என்று எல்லாம் வந்தன. தோட்டக் கூலி கடைசியில் வந்தது. பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்டவரும் இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்றார்கள்.

சடையன் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்தார். “ஐயா, ஆளக் கொறைக்கிறப்ப மொதல்ல பொம்பளைங்க பேர எடுக்கிறாங்க. புருஷன் இல்லாதவளுக்கு உடனே கப்பலு. அவ புள்ளைங்க இங்கதான் பொறந்துச்சு. அங்க எறங்குனா கூட்டிட்டுப் போவ ஆளு கெடையாது. எங்க லயத்துல ஒரு புள்ளைக்கு அப்பன் ஊரே தெரியாது. அவள எங்கன்னு எறக்கி விடுவீங்க? போறேன்னு சொல்றவங்களை அனுப்புங்க. இருக்கேன்னு சொல்றவங்களுக்கு அரை வேலையாவது குடுங்க. நீங்களே ஒரு தடவ லயத்துக்கு வந்து பாத்துட்டு அப்புறமா முடிவு சொல்லுங்க” என்றார்.

வக்கீல் அதை மொழிபெயர்த்தார். அரசாங்கம் தங்கள் குறைகளை அனுதாபத்தோடு கவனிக்கும் என்று தொழிலாளர்கள் நம்புகிறார்கள் என்றார்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “இவ்வளவு நேரம் பேசினாரே, அவ்வளவுதானா?”

“தமிழில் ஒன்றையே பலமுறை சொல்வது வழக்கம்” என்றார் வக்கீல் புன்னகையோடு.

நான் எழுந்து வாசற்படிவரை போய், “ஐயா, அவர் சொன்னது இன்னும் இருக்கிறது” என்று இங்கிலீஷில் சொன்னேன். என் குரல் எனக்கே சிறியதாகக் கேட்டது. அதிகாரி திரும்பினாரா என்று தெரியாது. காரியதரிசி விரைந்து வந்து, “அம்மா, தயவுசெய்து” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மிக மென்மையாகச் சாத்தினார்.

திரும்பும் வழியில் சடையன் என் கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஐயா, பொம்பளைங்கன்னா இங்கிலீஷ்ல என்ன?” கணவர் சொன்னார். சடையன் அந்தச் சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பார்த்துவிட்டு, “அவரு பேசுனதுல அது வரலயே” என்றார்.

அந்த மாதம் முடிவதற்குள் சடையனுக்கும் காத்தாயிக்கும் வேலை நீக்க நோட்டீஸ் வந்தது. ஆட்குறைப்பு என்றே காரணம் சொன்னார்கள்; சட்டப்படி குறை சொல்ல ஏதுமில்லை. அவர் பக்கத்துத் தோட்டங்களுக்கு வேலை கேட்டுப் போனார். அவருக்கு முன்பே அவர் பெயர் அங்கே போயிருந்தது. கடைசியில் இலவசக் கப்பல்தான் மிஞ்சியது. போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போகிற லோரியில் ஏறியபோது காத்தாயி யாரையும் ஏசவில்லை. அதைத்தான் எங்களால் பார்க்கமுடியவில்லை. பாப்பாத்தியை அனுப்பவில்லை. சில மாதங்களில் ரப்பர் விலை கொஞ்சம் தலைதூக்க, அவள் பேரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அது தம் முயற்சியின் பலன் என்று வக்கீல் ஒரு கூட்டத்தில் சொன்னதாகக் கேள்வி. அது உண்மையாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. அடுத்த நியமனத்தில் இந்தியரின் பிரதிநிதியாக அவர் பெயரே வந்தது. பிறகு ஒருநாள் என் பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்தார். “அம்மா, அவர் சொன்னபடியே சொல்லியிருந்தால் எல்லாக் கதவையும் சாத்தியிருப்பார்கள். ஒரு கதவாவது திறந்திருக்கவேண்டும் என்று பார்த்தேன்” என்றார். அவர் கண்களில் பொய் இல்லை. அந்த ஒரு கதவுக்குள் அவர் மட்டுமே போகமுடிகிறது என்பதும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

சில வருஷங்கள் கழித்துச் சங்கத்தில் மறுபடி தேர்தல் வைத்தார்கள். இந்தமுறை தோட்டத்து ஆட்களுக்கும் நாற்காலி போட்டார்களாம். லோரிகூட ஏற்பாடு செய்தார்கள். காலையில் அது வந்து பெரட்டுக் களத்தில் நின்றது, ஒருவரும் ஏறவில்லை. மனம் கேட்காமல் நான் லயம் லயமாகப் போனேன். சிலர் தலைவலி என்றார்கள், சிலர் குளிக்கப் போய்விட்டார்கள். பாப்பாத்தி மட்டும் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு, முறத்தை நிறுத்தாமல் சொன்னாள்.

“போன தடவ எல்லாருமா கையத் தூக்கி ஒருத்தர அனுப்புனோம். அவரக் கப்பல்ல ஏத்திட்டாங்க. இந்தத் தடவ யார ஏத்துறதுக்குக் கை தூக்கச் சொல்றீங்க டீச்சரம்மா?”

லோரி காலியாகத் திரும்பிப் போனது. தோட்டக் கூலிகளுக்கு அரசியல் பிரக்ஞை இல்லை, ஓட்டின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை என்று நகரத்தில் பேசினார்கள். அதே பேச்சைச் சிலர் எழுதவும் செய்தார்கள். உங்கள் கைக்கும் அப்படி எழுதியது ஏதாவது வந்திருக்கும். நடந்தே வந்து ஓட்டுப் போட்டவர்களை நான் புளியமரத்தடியிலிருந்து பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அருமை தெரியாமல் அவர்கள் விலகவில்லை.

சென்ற தடவை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, நாகப்பட்டணத்தில் இறங்கி, திருநெல்வேலிக்கு ரயிலேறுமுன் சடையனைத் தேடிப் போனேன். மன்னார்குடிப் பக்கத்தில் அவர் ஊர்ச்சேரியின் கோடியில் ஒரு குடிசை. காத்தாயி இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் ஏச ஆரம்பித்தாள், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று. எனக்கு உயிர் வந்தது. அங்கே அவர்களை மலாக்காக்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். சடையன் இன்னும் கைலிதான் கட்டியிருந்தார். “இப்பவும் பெரட்டுக்கு மணியடிக்கிற நேரத்துக்கு முழிப்பு வந்துருதும்மா. எந்திரிச்சு உக்காந்துக்குவேன். போறதுக்கு எடம் இல்ல” என்றார். அறுவடைக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். பாப்பாத்தியைப் பற்றிக் கேட்டார். வேலை செய்கிறாள் என்றேன். “அப்ப சரி” என்றார். இரண்டாம் தேர்தலைப் பற்றி நான் சொல்லவில்லை.

அன்று அந்த வட்டாரத்தில் மாகாணச் சபைக்கு ஓட்டு நடந்துகொண்டிருந்தது. என்னை வழியனுப்ப அவர் ரோட்டுவரை வந்தார். கொடி கட்டிய கூண்டுவண்டி ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் எட்டிப்பார்த்து, “என்ன பெரியவரே, ஓட்டு இருக்கா? இருந்தா ஏறு” என்றார்.

“இருந்துச்சுங்க” என்றார் சடையன். “அக்கரையில.”

வண்டிக்காரர்கள் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். வண்டி நிற்காமல் எங்கள் பக்கமாகவே வந்தது. குடிசை வாசலிலிருந்து காத்தாயி கத்தினாள்: “ஜாலான்ல நிக்காதீங்க, தெப்பிக்கு வாங்க!” குழாயடியில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சாலையை விட்டு ஓரத்துக்கு வரச் சொல்கிறாள் என்பது அந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் புரிந்தது. சடையனும் நானும் ஒரே சமயத்தில் ஒதுங்கி நின்றோம்.